கல்யாண முருங்கை ஊரிலிருந்து வந்த துணி

எங்கள் ஊர்த் தையல்காரர் ஒரே வரியில் ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தார். அண்ணன் மகள், கல்யாணத்துக்கு எங்கள் செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கியில் சில எடுத்திருந்தாள். கண்டாங்கிக்குச் சாட்டினில் ரவிக்கை தைத்துக்கொள்வதுதான் இப்போதைய மோஸ்தராம். அந்தச் சாட்டின் துணியை என் கையில் கொடுத்து, "அயித்தை, இது பட்டுத்தானே?" என்றாள். "பட்டாவது! இந்த விலைக்கு எவன் பட்டுக் குடுப்பான்?" என்றாள் அவளுடைய ஆத்தா. இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஆச்சி, பட்டுலயும் சாட்டின் இருக்கு, பாலியஸ்டர்லயும் சாட்டின் இருக்கு. சாட்டின்ங்கிறது நூலுக்குப் பேரு இல்ல, நெசவுக்குப் பேரு."

அவ்வளவுதான். அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்குத்தான் அன்றைக்கு அந்தச் சொல் மண்டைக்குள் புகுந்துகொண்டது. சாட்டின் ரிப்பன், சாட்டின் உள்பாவாடை, சாட்டின் லைனிங் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிற சொல். எந்த ஊர்ச் சொல் இது? ஆங்கிலம் என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் ஆங்கிலேயர்கள் பட்டுப்பூச்சி வளர்த்தவர்கள் இல்லையே.

முதலில் நெசவைச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் பூட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. சாதா நெசவில் ஒரு இழை மேலே, அடுத்தது கீழே என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகும். கண்டாங்கி அப்படித்தான். காஞ்சிபுரம் பட்டின் உடல் பகுதியும் பெரும்பாலும் அப்படித்தான். சாட்டினில் பாவு இழை நான்கு ஊடைகளைத் தாண்டி மேலேயே மிதந்து வந்து, ஐந்தாவதில் ஒரே ஒரு முறை அடியில் இறங்கும். எட்டுக்கு ஒன்று இறங்குகிற மாதிரி நெய்வதும் உண்டு. இறங்குகிற இடங்களை ஒன்றையொன்று தொடாமல் சிதறிப் போடுவதில்தான் கெட்டிக்காரத்தனம். அடுத்தடுத்துப் போட்டுவிட்டால் ஜீன்ஸ் துணியில் தெரிகிறதே, அந்தச் சாய்ந்த கோடு விழுந்துவிடும்.

இப்படி இழைகள் மேலேயே மிதப்பதால்தான் முன்பக்கம் அந்த வழுவழுப்பும் மினுமினுப்பும் வருகின்றன. பின்பக்கம் திருப்பினால் மங்கலாக இருக்கும். மிதக்கிற இழைக்குப் பிடிமானம் கிடையாது. மோதிரக் கல் மாட்டினால் போதும், இழுத்துக்கொண்டு வந்துவிடும். கல்யாண வீட்டில் சாட்டின் உடுத்திக்கொண்டு ஓடியாடி வேலை செய்ய முடியாது என்று நான் சொன்னால், கேட்கிற வயதில் யாரும் இல்லை.

இந்த நெசவுக்குப் பட்டு ஏன் பொருத்தம் என்றால், ஒரு கூட்டிலிருந்து உருவுகிற பட்டு இழை அறுபடாமல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரைகூட வரும். பருத்தி இழையின் நீளம் சில சென்டிமீட்டர்தான். அதை முறுக்கி முறுக்கி நூலாக்கியாக வேண்டும். முறுக்கிய நூலில் குட்டை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறிவிடும். சங்கப் புலவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் பட்டுக்கு 'நூலாக் கலிங்கம்' என்று பெயர். நூற்காத துணி. இரண்டே சொல்லில் பட்டின் தொழில்நுட்பத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். பாலியஸ்டரையும் நீள இழையாகவே ஆலையில் இழுத்துவிடலாம். அதனால்தான் சூரத்திலிருந்து வருகிற மலிவுச் சாட்டினும் கடை விளக்கில் பட்டு மாதிரியே பல்லைக் காட்டுகிறது.

சரி, பெயருக்கு வருவோம்.

சீனாவின் தென்கிழக்குக் கரையில், தைவானுக்கு எதிர்ப்பக்கம், சுவான்ஜோ என்று ஒரு துறைமுகம். சோங், யுவான் அரசர்கள் காலத்தில், அதாவது ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை, உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் அது ஒன்று. அரபு வணிகர்கள் அந்த ஊரைச் சுவான்ஜோ என்று சொல்லவில்லை. ஸைத்தூன் என்றார்கள். அங்கிருந்து கப்பலேறிய மினுமினுப்பான பட்டுத் துணி ஸைத்தூனி ஆனது. ஸைத்தூன் ஊருடையது என்று பொருள். அது மத்தியதரைக் கடல் பக்கம் போய், பழைய ஸ்பானிய மொழியில் அசெய்துனி என்றும் செதுனி என்றும் வழங்கி, பிரெஞ்சில் சத்தேன் ஆகி, ஆங்கிலத்தில் சாட்டின் ஆகி, அப்புறம் கப்பலேறி நம்மூர் ஜவுளிக்கடைக்கு வந்து சேர்ந்தது.

ஸைத்தூன் என்ற ஒலி நமக்கும் புதிதில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய் என்பார்களே, அதே சொல். ஒலிவ மரம். ஜைத்தூன் பீவி என்று பெண்களுக்குப் பெயரும் உண்டு. அப்படியானால் அந்தச் சீன ஊரில் ஒலிவ மரம் நிறைய இருந்ததா? இல்லவே இல்லை. இதை நேரில் போய்ப் பார்த்து எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, அன்றைக்குத் தெரிந்த உலகத்தில் பாதியைச் சுற்றிய இப்னு பதூதா. 1340களில் அந்தத் துறைமுகத்தில் இறங்கியவர், ஊர்ப் பெயர்தான் ஸைத்தூன், ஒலிவ மரம் அங்கே கிடையாது, அது சும்மா இட்ட பெயர் என்கிறார். அந்த ஊரில் நெய்கிற பட்டுகள் ஊர்ப் பெயராலேயே அறியப்படுகின்றன, மற்றச் சீன நகரங்களின் துணியைவிட அவை உயர்ந்தவை என்றும் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் பெரிய மரக்கலங்கள் மட்டும் நூறு அளவில் நின்றன என்கிறார்.

இந்த மனிதர் சீனாவுக்குப் போவதற்கு முன்பு நம் பக்கம் வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆட்சி. கியாசுத்தீன் தாம்கானி என்ற சுல்தானும் இப்னு பதூதாவும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். நம் முறையில் சொன்னால் சகலைகள். சகலை வீட்டுக்கு வந்த இடத்தில் அந்தச் சுல்தானின் கொடுமைகளையும், மதுரையில் ஆட்களை வாரிக்கொண்டு போன கொள்ளை நோயையும் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். எங்கள் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். சாட்டினின் பெயருக்குச் சாட்சி சொன்னவர் அவ்வளவு கிட்டே நடமாடியிருக்கிறார்.

ஒலிவ மரம் இல்லையென்றால் ஸைத்தூன் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சுவான்ஜோவுக்குச் சீன மொழியிலேயே இன்னொரு செல்லப் பெயர் உண்டு: சிதோங். சிதோங் என்பது ஒரு மரம். 10ஆம் நூற்றாண்டில் அந்த நகரை ஆண்டவர் மதிலைச் சுற்றி அந்த மரத்தை வரிசையாக நட்டுவைத்தார் என்பது அங்கே வழங்குகிற வரலாறு. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ பூக்கிற, உடம்பெல்லாம் முள் உள்ள மரம். கப்பலில் வந்த அரபுக்காரர்கள் காதில் சிதோங் விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்த சொல்லில் அதற்கு நெருங்கியது ஸைத்தூன். வாயில் வந்ததைச் சொன்னார்கள், பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் சுவான்ஜோவின் நகர மலர் அந்தப் பூதான்.

அந்த மரம் என்ன மரம் தெரியுமா? கல்யாண முருங்கை.

நாம் முள்முருங்கை என்கிறோமே, இருமலுக்கு இலையைப் பச்சரிசியோடு அரைத்து அடை தட்டிப் போடுகிறோமே, வெற்றிலைக் கொடியும் மிளகுக் கொடியும் ஏற்றிவிடுகிறோமே, அதே மரம்தான். கல்யாணத்துக்குக் கால் நடும்போது இதன் கிளையைக் கட்டுவதால் கல்யாண முருங்கை. சங்க இலக்கியத்தில் இதற்குக் கவிர் என்று பெயர், சேவலின் கொண்டையை அதன் பூவுக்கு ஒப்பிடுவார்கள். சீனாவில் ஒரு ஊருக்குப் பெயர் கொடுத்து, அரபியில் ஒலிவமாக மாறி, ஐரோப்பாவில் துணியாகிவிட்ட மரம் எங்கள் கொல்லைப்புறத்தில் வேலிக்காலாக நிற்கிறது. அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சாட்டின் ரவிக்கையும் கல்யாண முருங்கையும் ஒரே குடும்பம்ங்கிறீங்க" என்று சிரித்தாள். ஒரு வகையில் ஆமாம்.

எல்லா அகராதிக்காரர்களும் இந்தக் கதையை ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். லத்தீனில் சேத்தா என்றால் குதிரைவால் முடி போன்ற முரட்டு மயிர். இத்தாலியில் அதே சொல் பட்டைக் குறிக்கிறது. செத்தினோ என்றால் பட்டாலானது, அதிலிருந்துதான் சாட்டின் வந்தது என்று ஒரு கட்சி உண்டு. என் கட்சி ஸைத்தூன்தான். ஸைத்தூனி என்ற துணி இருந்ததற்குக் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது, ஸ்பானிய வடிவங்களும் நடுவே பாலமாக நிற்கின்றன. ஒலிவக் காயை ஸ்பானியர்கள் இன்றும் அசெய்துனா என்றுதான் சொல்கிறார்கள். வேண்டுமானால், வந்த சொல்லை இத்தாலிக்காரர்களின் சேத்தா கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று சமாதானம் பேசலாம். புகுந்த வீட்டுச் சாயல் மருமகளுக்கு ஏறாமலா இருக்கும்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் துணியை நெய்த சீனர்கள் அதைத் துவான் என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். உலகம் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லை அல்ல. எந்தத் துறைமுகத்தில் மூட்டை ஏறியதோ அந்தத் துறைமுகத்தின் பெயரை, அதுவும் அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையல்ல, வாங்கவந்தவர்கள் தவறாகக் காதில் வாங்கிய பெயரை. நெய்கிறவன் இட்ட பெயர் தறியோடு நின்றுவிடும். விற்கிறவன் இட்ட பெயர்தான் கடல் தாண்டும். செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது புரியாமல் போகுமா?

சுவான்ஜோவில் நம்மவர்கள் இருந்தார்கள். இது ஊர்ப்பெருமைக்காகச் சொல்கிற கதை அல்ல. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது. அதன் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கடைசியில் ஒரு வரி சீன எழுத்தில். சக ஆண்டு 1203, சித்திரை மாதம். நம் இன்றைய கணக்கில் 1281 ஏப்ரல். செகாசை கான் திருமேனி நன்றாக இருக்கவேண்டி, சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளப் பண்ணினார் என்கிறது கல்வெட்டு. எந்த அனுமதியின்படி? 'செகாசை கான் பர்மான்படி.' செகாசை கான் என்பது மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பர்மான் பாரசீகச் சொல், அரசாணை. மங்கோலிய ராஜா, பாரசீகச் சொல், தமிழ் எழுத்து, சீனக் கரை, சிவன் கோயில். அந்தக் கால வணிகம் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கல்வெட்டில் சம்பந்தப் பெருமாளின் ஊர் இல்லை, குலம் இல்லை. எங்கள் பக்கத்து ஆள்தான் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். தமிழர், சிவனடியார், அரசாணை வாங்குகிற அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர். அது போதும். கோயில் பின்னாளில் இடிந்து, அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறிப்போயின. கையுவான் புத்தர் கோயிலில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. யானை சிவலிங்கத்தைப் பூசிக்கிற சிற்பம் ஒன்று உண்டு. திருவானைக்கா கதை தெரிந்தவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். 2021இல் யுனெஸ்கோ சுவான்ஜோவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அந்த ஊரிலிருந்துதான் 1292 வாக்கில் மார்க்கோ போலோ நாடு திரும்பக் கப்பலேறினார். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஸைத்தூனுக்கு நூறு கப்பல் போகிறது என்பது அவர் கணக்கு. ஆள் கொஞ்சம் பெரிதாகவே பேசுவார், இருந்தாலும் மிளகு எந்தப் பக்கத்திலிருந்து போனது என்பதில் சந்தேகம் இல்லை. போகிற கப்பலில் மிளகு என்றால், திரும்புகிற கப்பலில் பட்டும் பீங்கானும். சோழர்கள் 1015, 1033, 1077 என்று சீன அரசவைக்குத் தூது அனுப்பியதும் இதற்காகத்தான். சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை. பாட்டும் தேருமாக எல்லோரும் பாரியைத்தான் நினைப்பார்கள். எனக்கு அங்கே பிடித்தது கோயிலில் உள்ள ஒரு வணிகக் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டு, ஏறக்குறைய சுவான்ஜோ கோயில் காலம். ஐநூற்றுவரும் மற்ற வணிகக் குழுக்களும் கூடி, தாங்கள் விற்கிற சரக்கின் மேல் கோயிலுக்கு மகமை, அதாவது சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு, வைத்த செய்தி. சரக்குப் பட்டியலைப் படித்தால் கடைத்தெருவுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், பரும்புடவை, மென்புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், சவரிமயிர், கடைசியில் குதிரை, யானை. முரட்டுத் துணிக்கும் மெல்லிய துணிக்கும் தனித்தனியாக மகமை. பட்டு அந்த வரிசையில் இல்லை, அது அகிலுக்கும் பன்னீருக்கும் பக்கத்தில் இருக்கிறது. துணியோடு சேர்க்காமல் வாசனைப் பொருளோடு சேர்த்திருக்கிறார்கள். ஆடம்பரச் சரக்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை.

கவனித்தால், கலிங்கம் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான் என்பார்கள். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி கலிங்கம், அப்புறம் துணி என்றாலே கலிங்கம். அதாவது ஆங்கிலேயர்கள் சாட்டின் என்று சொல்லத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். இந்தப் பக்கமிருந்து போனதற்கும் கணக்கு உண்டு. காலிகோ என்ற பருத்தித் துணிக்குக் கள்ளிக்கோட்டையின் பெயர். அங்கே கப்பலேறியது, அவ்வளவுதான். அமெரிக்காக்காரர்கள் கோடைக்காலத்தில் போடுகிற கட்டம்போட்ட சட்டைத் துணிக்கு மெட்ராஸ் என்று பெயர், அதுவும் துறைமுகத்தின் பெயர். மஸ்லின் ஈராக்கின் மோசூல் பெயரைச் சுமக்கிறது, உலகம் மெச்சிய மஸ்லினை நெய்ததோ டாக்கா. எதிர்மாறான உதாரணமும் உண்டு. டெனிம் என்பது நீம் என்ற பிரெஞ்சு நெசவு ஊரின் பெயர், அங்கே நெய்தவர்களுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. நம்மூரில் கூறைநாடு. கூறை என்றால் துணி. அங்கே ஊர் துணிக்குப் பெயர் கொடுக்கவில்லை, துணி ஊருக்குப் பெயர் கொடுத்தது. மாயவரம் பக்கம் போனால் அந்த ஊரைக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

எங்கள் ஆத்தாவைப் பெற்ற ஆயா வீட்டில் சாட்டின் வந்த வழி வேறு. ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்தவர். பயணம் முடித்து வரும்போது டிரங்குப் பெட்டியில் அடியில் மங்குச் சாமான், மேலே துணி. அதில் ஒரு துண்டு, நாவல்பழ நிறத்தில் சாட்டின். ஆயா தலைமுறையில் ரவிக்கை போடுகிற வழக்கமே கிடையாது. பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கியைக் கட்டினால் முடிந்தது. உள்பாவாடையும் கிடையாது. அந்தச் சாட்டினை வைத்து என்ன செய்வது? ஆத்தா பாவாடை தைத்துக்கொள்கிற வயது வரும்வரை அது பெட்டகத்தில் மடித்தபடியே கிடந்தது. வைரத்தைப் பெட்டகத்தில் வைக்கிற மாதிரி சாட்டினையும் வைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். பயன்படாத பொருள் எல்லாவற்றையும் அங்கேதான் வைப்பார்கள். 'வெளிநாட்டுச் சாமான்' என்பதே ஒரு தகுதி. அதற்கு மேல் அது எதற்கு உதவும் என்று செட்டிநாட்டு வீடுகளில் யாரும் ரொம்பக் கேட்டதில்லை.

சாமானோடு சொல்லும் வந்து இறங்கிய வீடுகள் எங்களுடையவை. கல்யாண விருந்தில் கவுணி அரிசி இல்லாமல் முடியாது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கிளறிய அந்தக் கறுப்பரிசி இல்லாவிட்டால், பெரியவர்கள் இலையைவிட்டு எழுந்திருக்கும்போது முகத்தைப் பார்க்க முடியாது. ஒட்டரிசியைப் பர்மாக்காரர்கள் கௌஞின் என்பார்கள். அது வாயில் உருண்டு கவுணி ஆனது. அதில் போடுகிற சீனியே சீனாவின் பெயர். எண்ணெய் காய்கிற சீனச்சட்டியும் அப்படித்தான். ஏற்றுமதியும் உண்டு: நம் கிடங்கு மலாயில் குடாங் ஆகி, ஆங்கிலத்தில் நுழைந்து, குடோன் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. காரைக்குடிக் கடைத்தெருவில் கிடங்கு என்று சொல்கிற பெரியவரும் குடோன் என்று சொல்கிற பையனும் ஒரே கட்டடத்தைத்தான் காட்டுவார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பீர்கள், பழம்பொருள் கடைகள். வீடுகளைப் பிரித்து விற்ற சாமான் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கடைக்காரர் ஒவ்வொன்றையும் ஊர் சொல்லித்தான் விற்பார். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள், ஜப்பான் மங்கு. தூணை இழைத்த ஆசாரியின் ஊரோ, பெயரோ யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. மரம் வெட்டிய காடு தேக்குக்குப் பெயராகலாம், அதில் யாளி செதுக்கியவன் ஆக முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். குறையாகத்தான் சொல்கிறேன். வணிகம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் சொன்னால் கொஞ்சம் எடுபடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கண்டாங்கிக்கே வருகிறேன். கனமான பருத்தி, பெரிய கட்டம், அகலமான கரை, மஞ்சளும் அரக்கும் கறுப்புமாக. நாள் முழுக்க வேலை செய்கிற பெண்ணுக்கென்று நெய்த சேலை. கரை அகலமாக இருப்பதால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினாலும் அழகு குறையாது. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ கடைக்குப் போய்க் கண்டாங்கி என்று கேட்டுப்பாருங்கள். "செட்டிநாடு காட்டனா, மேடம்?" என்று எடுத்துப் போடுவார்கள். நகரத்தார் யாரும் தறியில் உட்கார்ந்தது கிடையாது. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். பெயர் எங்களுடையது ஆகிவிட்டது. அந்தப் பெயரில் இப்போது எங்கெங்கோ விசைத்தறியில் ஓட்டிக் கட்டுக்கட்டாக வருகிறது. கட்டம் மட்டும் இருந்தால் போதும், செட்டிநாடு.

கல்யாணச் சேலைகளை நாங்கள் தறிக்காரர் வீட்டிலேயே போய்த்தான் எடுத்தோம். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பாவில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார். நீங்கள் இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டேன். "நாங்க கண்டாங்கின்னுதான் சொல்லுவோம் ஆச்சி. வெளியூருக்கு அனுப்புறப்ப பில்லுல செட்டிநாடு காட்டன்னு எழுதச் சொல்றாங்க. அப்படி எழுதலேன்னா என்ன துணின்னு போன் போட்டுக் கேக்குறாங்க" என்றார். எங்கள் பில்லில் என்ன எழுதட்டும் என்று அவரே கேட்டார். கண்டாங்கி என்றே எழுதச் சொன்னோம்.